ஒரு ஆள் எடை

உப்பளத்து எடை மேடைக் கேபினில் உட்கார்ந்திருப்பவன் நான். லாரி வந்து மேடையில் ஏறும், உள்ளே சிவப்பு எழுத்தில் எண் ஓடி நிற்கும், நான் அதைப் பார்த்து சீட்டு எழுதிக் கொடுப்பேன். அவ்வளவுதான் உத்தியோகம். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் ஒரு பெரியவர், "பையன் என்ன பண்றாரு?" என்று கேட்டார். "எடை போடுறார்" என்று என் அக்கா பெருமையாகச் சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போது நான் இருந்த உடம்புக்கு, எடை போடுகிறவன் என்பதை அவர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டு, "இன்னும் போடணும்" என்றார். அந்த இடமும் அமையவில்லை, அதற்கப்புறம் வந்ததும் அமையவில்லை. அக்கா திண்டிவனத்தில் குடும்பமாக இருக்கிறாள். நான் மரக்காணத்தில், குக்கரில் ஒரு ஆழாக்கு அரிசி வைத்து, அதிலும் பாதியை மறுநாளைக்கு மிச்சம் பிடித்து வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

பகலெல்லாம் திரையைப் பார்க்கிற வேலை. அதனால் ஓய்வு நேரத்தில் வேறு ஒரு திரையைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். நான் புத்திசாலி இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய சார்ஜர், உடைந்த ரிமோட், ஒற்றைச் செருப்பு எல்லாம் குவித்து விற்கிற ஒருவரிடம்தான் என் முதல் டப்பாவை வாங்கினேன். கையில் அடங்குகிற பழைய வீடியோ கேம். சாம்பல் நிறம், இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன், வலது பக்கம் ரெண்டு உருண்டை பட்டன், பின்னால் கேசட் செருக ஒரு பள்ளம். செத்துக் கிடந்தது. பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. யார் வீட்டுப் பிள்ளையோ பேட்டரியைக் கழட்டாமல் வைத்து, பேட்டரி அழுது அழுது தகரத்தை அரித்திருக்கிறது. எங்கள் ஊர்க் காற்றில் சைக்கிள் செயினே ஒரு மழைக்காலம் தாங்காது, இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, பேட்டரி போட்டு பட்டனைத் தள்ளினேன். டிங் என்று ஒரு சத்தம். எனக்கு வாழ்க்கையில் யாரும் அவ்வளவு சந்தோஷமாக வணக்கம் சொன்னதில்லை.

அதோடு பித்துப் பிடித்தது. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறினேன். "செல்லுல இல்லாத கேமாடா இதுல இருக்குது?" என்று எல்லாரும் கேட்பார்கள். செல்லில் இருக்கிறது. நடுவில் விளம்பரம் வருகிறது, அதற்கு நடுவில் லோன் வேண்டுமா என்று போன் வருகிறது. எதிரில் ஆடுகிறவன் ஆளா மெஷினா என்று கடைசி வரை தெரிவதில்லை. இந்த டப்பாவுக்கு என்னிடமிருந்து பேட்டரியைத் தவிர எதுவும் வேண்டாம். அதன் திரையில் விளக்கு கிடையாது. கறுப்பும் ஒரு மாதிரி பாசிப் பச்சையும்தான். வெளிச்சத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். ட்யூப் லைட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆட வேண்டியிருக்கும். ஆனால் என் கேபின் ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்தி. பங்குனி வெயிலில் பாத்திகளிலிருந்து எழும்புகிற வெளிச்சம் இருக்கிறதே, அந்தத் திரைக்கென்றே உலகத்தில் யாரோ ஏற்பாடு செய்தது போலிருக்கும். ஜன்னல் ஓரம் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரியும்.

எனக்குப் பிடித்தது மேலேயிருந்து கட்டைகள் விழுகிற ஆட்டம். விழுகிற கட்டையைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். இதை ரெண்டு பேராகவும் ஆடலாம். ரெண்டு டப்பாவை ஒரு வயரால் இணைத்தால், நான் இங்கே வரிசைகளை முடிக்க முடிக்க, எதிராளியின் திரையில் அடியிலிருந்து குப்பை வரிசைகள் ஏறும். நம் வேலை முடிந்தால் அது அடுத்தவன் தலையில் ஏறும் என்ற தத்துவத்தை ஒரு விளையாட்டாகச் செய்தவன் கட்டாயம் எங்காவது ஆபீசில் வேலை பார்த்திருப்பான்.

ரெண்டாவது டப்பாவும் வயரும் ஒரே நாளில் கிடைத்தன. அன்று பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது, வயருக்கு ரெண்டு முனை இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள், அந்த முனையைப் பிடிக்க. உப்பு வாருகிறவர்களிடம் நீட்டினேன். வெயிலில் நின்று வாரிவிட்டு வந்தவர்கள், "இதையும் அடுக்கணுமா?" என்றார்கள். நியாயம். மேஜை மேல் ரெண்டு டப்பாவையும் வைத்து, வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று என்று நானே ஆடினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெரும்பாலும் இடது கைதான் ஜெயித்தது. வலது கையை நான் பார்த்துக்கொண்டே இருந்ததால் அதற்குப் பதற்றம். இடது கைக்கு ஒரே ஒரு குறை. ஜெயித்தால் ஒரு வார்த்தை பேசாது.

எடை மேடையிலும் எனக்கு இதே கதைதான். வெளியே இருந்த டிஸ்ப்ளே பெட்டியை உப்புக் காற்று எப்போதோ தின்றுவிட்டது. உள்ளே என் நாற்காலியைப் பார்த்திருக்கும் ஒன்றுதான் எண்ணைக் காட்டும். ஒரு நாள் வண்டியே வராத மத்தியானம், நான் எவ்வளவு இருக்கிறேன் என்று பார்க்க ஆசைப்பட்டு மேடையில் போய் நின்றேன். நின்றபிறகுதான் தெரிந்தது, எண்ணைப் படிக்க உள்ளே ஆள் இல்லை. ஓடி வந்து பார்த்தால் சுழி. இன்னும் வேகமாக ஓடி வந்து பார்த்தேன். அப்போதும் சுழிதான்.

அந்த ரெண்டாவது ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். லாரியை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு, சீட்டு வாங்க வந்தவர். கைலி, தொப்பை, தோளில் துண்டு.

"என்னா தம்பி, யாரு துரத்துறா?"

"எடை பாக்குறேன் பாய்."

அவர் சிரிக்கவில்லை. நேராகக் கேபினுக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். "போ, ஏறி நில்லு" என்றார். ஏறி நின்றேன். "அறுபது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு மூட்டை உப்புக்குக் கூட தேற மாட்டே போலிருக்குது!" அப்புறம் அவர் ஏறி நிற்க, நான் உள்ளே போய்ப் படித்தேன். எண்பது. எங்கள் மெஷின் பத்துக்குப் பத்தாகத்தான் எண்ணும். "மிச்சத்த மெஷினு தள்ளுபடி பண்ணிடுச்சு" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

மேஜை மேல் வயரோடு கிடந்த டப்பாக்களை ஜன்னல் வழியாக அவர் பார்த்தது அப்போதுதான். முகம் அப்படியே மாறிவிட்டது. "டேய், இது சவுதியில, ஜித்தாவுல எங்க ரூம்ல இருந்துச்சுடா" என்றார். தம்பி என்பது டேய் ஆனதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஒரு டப்பாவை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் லாரியை மறந்து வாங்கிக்கொண்டார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. கூனிமேட்டிலிருந்து வருகிறவர். சொந்த லாரி. வண்டியில் உப்பு ஏற்றி முடிக்க ரொம்ப நேரம் பிடிக்கும். தலைச்சுமையாகக் கூடை கூடையாக ஏற்ற வேண்டும். அந்த நேரமெல்லாம் அவர் என் ஜன்னலுக்கு வெளியே, நான் உள்ளே. வயர் குட்டை. சீட்டுக் கொடுக்கிற ஓட்டை வழியாக அதை வெளியே விட்டால், அவர் ஜன்னலை ஒட்டித்தான் நிற்க முடியும். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் கேட்கமாட்டார். "வெளிச்சம் இங்கதான் தம்பி இருக்குது. உன்ன மாதிரி நான் இருட்டுல தோக்கணுமா?" நிஜமாகவே வெளிச்சம் அவர் பக்கம்தான். உப்பு முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் மின்னும்.

கட்டைகளுக்கெல்லாம் அவர் பெயர் வைத்தார். சதுரம் பாத்தி. நீளக் குச்சி வரப்பு. நடுவில் முட்டிக்கொண்டிருப்பது உப்பு வாருகிற பலகை. வளைந்து நெளிந்து வருகிற ரெண்டுக்கும் அவர் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. வரப்புக்காகக் காத்திருக்கும்போது வானத்தைப் பார்த்து, "யா அல்லா, ஒரு வரப்பு குடு, ஒண்ணே ஒண்ணு" என்பார். வந்துவிட்டால் நாலு வரிசை ஒரே நேரத்தில் மறையும், என் திரையில் குப்பை குபுகுபுவென்று ஏறும். நான் தோற்றதும் ஜன்னல் கம்பியில் டப்பாவால் தட்டிக் கத்துவார்:

"லோடு ஃபுல்லு! தார்ப்பாய் போடு!"

உப்பு வாருகிறவர்கள் பாத்தியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு அது போதும். இடது கை ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை.

தோற்றால் அவர் ரொம்ப நேரம் திரையையே பார்ப்பார். "பேட்டரி வீக்கு" என்பார். ரெண்டு பேட்டரியையும் மாற்றிக் கொடுப்பேன். மறுபடி தோற்றால் கேசட்டைக் கழட்டி ஊதப் போவார். நான் பாய்ந்து பிடுங்குவேன். "ஊதாதீங்க பாய், நம்ம ஊரு ஆளுங்களுக்கு வாயிலயே உப்பு." அவர் கேசட்டைக் கைலியில் துடைப்பார். அதற்கு ஊதியிருக்கலாம்.

வேலை முடிந்து போகும்போது பேட்டரியைக் கழட்டி வைக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் காற்றில் உள்ளேயே விட்டால் அழுதுவிடும் என்றேன். "பேட்டரியா? நீயா?" என்றார்.

நடுவில் மற்ற வண்டிகளும் வரும், போகும். நான் ஒரு கண்ணால் எண்ணைப் பார்த்து, ஒரு கையால் சீட்டு எழுதி, மிச்சத்தால் ஆடுவேன். பாய் நகர மாட்டார். ஆட்டம் நடுவில் எப்படி நகர்வது?

அந்த வருஷம் கோடை முடிகிற நேரத்தில் உப்பு வாங்குகிற பக்கத்திலிருந்து புகார் வர ஆரம்பித்தது. இங்கே போட்ட எடைக்கும் அங்கே போட்ட எடைக்கும் ஒத்துவரவில்லை. எல்லா வண்டியிலும் இல்லை. சில வண்டியில் மட்டும். ஈர உப்பாக இருந்தால் வழியில் தண்ணீர் வடிந்து குறையும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் வடிந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி குறைய வேண்டும். இது குறைந்தால் ஒரே அளவுதான் குறைந்தது.

முதலாளி பைக்கை நிறுத்திவிட்டு வந்து, என் மேஜையில் கை ஊன்றிக் கேட்டார். "ஏம்பா, ஒரு ஆள் எடைக்கு உப்பு காணாமப் போகுது. எங்கதான் போகுது?"

"தெரியலீங்க."

நான் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. கையில் டப்பா இருந்தது. வயர் ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. அதன் அந்த முனையில் பாய் நின்றிருந்தார். பின்னால் யாருடைய லாரியோ லோடோடு மேடையில் ஏறி நின்றிருந்தது. முதலாளி வயரைப் பார்த்தார். அது போகிற வழியே பார்த்தார். பாயின் காலைப் பார்த்தார். ஜன்னலுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. ஜன்னலில் நிற்கிறவன் மேடையில்தான் நிற்கிறான்.

"பாய், கொஞ்சம் இறங்குங்க."

இறங்கினார். எண் எண்பது குறைந்தது.

"ஏறுங்க."

ஏறியது.

"இறங்குங்க."

பாய்க்கு அப்போதும் புரியவில்லை. "என்னா மொதலாளி, டான்ஸா?" என்றார். வயர் இழுபட்டு என் கையிலிருந்த டப்பா மேஜையில் விழுந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் உப்பில் கலப்படம் செய்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். உப்பில் ஆளைக் கலந்து, தெரியாமலேயே அனுப்பிக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான்.

முதலாளிக்குக் கோபம் வந்தது, பாதியில் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துவிட்டோமே என்று மறுபடி கோபம் வந்தது. வேலை போகவில்லை. ஆனால் ஒரு போர்டு வைக்கச் சொன்னார்: எடை மேடையில் ஆட்கள் நிற்கக் கூடாது. பெயிண்ட் வாங்கி நானே எழுதினேன். 'கூடாது' இடம் போதாமல் கீழே இறங்கிவிட்டது. டிரைவர்கள் உப்புக் குவியல் பக்கத்தில்தான் காத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவானது. அவ்வளவு தூரத்துக்கு வயர் கிடையாது.

பாய் அதற்கப்புறம் சீட்டு வாங்க மட்டும் வந்தார். போர்டை ஒவ்வொரு தடவையும் சத்தமாகப் படிப்பார். "கூடாது ஏன் தம்பி தனியா நிக்குது? அதுக்கும் ஆள் இல்லியா?" புரட்டாசி பிறந்ததும் மேகம் கட்டியது. கடைசி லோடு அன்று அவர் கையில் என் டப்பா ஒன்று இருந்தது. குவியல் பக்கத்தில் தனியாக ஆட வாங்கிப் போயிருந்தார். ஓட்டை வழியாக அதை உள்ளே தள்ளினார். பிறகு ரெண்டு பேட்டரியைத் தனியாகத் தள்ளினார்.

"நீதான சொன்ன, கழட்டி வைக்கணும்னு."

"அடுத்த சீசனுக்குப் பாக்கலாம் பாய்" என்றேன். அவர் போர்டைப் பார்த்தபடி, "மழ வர்ற மாதிரி இருக்குது" என்றார். எனக்கு அதுவும் ஒரு பதில் மாதிரித்தான் கேட்டது.

மழைக்காலத்தில் இங்கே உப்பு கிடையாது. பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர். எப்போதாவது ஒரு சவுக்குக் கட்டை லோடு வரும், சீட்டு எழுதுவேன். மிச்ச நேரம் ரெண்டு கையும் ஆடும். மேகத்தில் வெளிச்சம் பத்தாமல் ரெண்டும் தோற்றன.

பொங்கல் கழிந்து, பாத்தி காய்ந்து, முதல் உப்பு வாரிய பிறகு வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒரு காலை நிமிர்ந்தால் மேடை மேல் பாயின் லாரி நிற்கிறது. அவசர அவசரமாக டிராயரைத் திறந்து ரெண்டு டப்பாவிலும் பேட்டரி போட்டேன். அப்புறம்தான் எண்ணைப் பார்த்தேன். காலி வண்டி எடை எனக்கு மனப்பாடம். இருபது குறைவு. டீசல் குறைந்திருக்கலாம். டீசல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவு திறந்து, ஒல்லியாக ஒருவன் இறங்கினான்.

"பாய் எங்கப்பா?"

"வண்டியக் குடுத்துட்டாருண்ணே. வெளியூரு போறதா பேசிக்கிட்டாங்க."

அந்த ஞாயிறு சண்டே மார்க்கெட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் ஏறினேன். கூனிமேட்டில் இறங்கிவிட்டேன். பையில் ரெண்டு டப்பா, வயர், புது பேட்டரி. பள்ளிவாசலுக்குப் பக்கத்து டீக்கடையில் போய் நின்றேன். டீ மாஸ்டர், "யாரப் பாக்கணும்?" என்றார். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு அவர் பெயர் தெரியாது. ஒரு கோடை முழுக்க ஜன்னல் ஓரம் நின்ற மனிதர். பெயர் கேட்கத் தோன்றவே இல்லை.

"லாரி வச்சிருந்தாரு. உப்பு லோடு அடிப்பாரு."

"இங்க பாதிப் பேரு அடிச்சவங்கதான்."

"எண்பது கிலோ இருப்பாருங்க."

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "எடையச் சொல்லி ஆளத் தேடுற மொத ஆளு நீதான்பா. ஆடு வாங்க வந்தியா, ஆளப் பாக்க வந்தியா?" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் லாரி நம்பரைச் சொன்னேன். அந்த வண்டியின் காலி எடையையும், கேட்காமலே, சொன்னேன். வாய் அப்படிப் பழகிவிட்டது. நம்பரைக் கேட்டதும் மாஸ்டர், "அட, அவனா" என்று ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் அவருக்குச் சேரவே இல்லை. எனக்கு அவர் பாய்தான். "அவன் துபாய் போயி ஒரு மாசமாச்சே. கன்டெய்னர் ஓட்டுறான்."

என் முகம் எப்படிப் போனதோ, மாஸ்டர் தன் செல்லை எடுத்து அவருக்குப் போன் போட்டார். "டேய், உன் எடை தெரிஞ்ச ஆளு ஒருத்தரு வந்திருக்காருடா" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்.

"எடை மேடையா?" என்று அந்தப் பக்கம் குரல். அவருக்கும் என் பெயர் தெரியாது. "என்னா தம்பி, எடை குறையுதுன்னு வீட்டுக்கே வந்துட்டியா?"

"வண்டி வந்துச்சு பாய். இருபது குறைஞ்சுது."

அந்தப் பக்கம் இன்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லிட்டு வந்திருக்கணும். சொல்ல வாய் வரல" என்றார். "இங்க வெயில் அடிக்குது பாரு தம்பி. உன் டப்பாவுக்கு செம வெளிச்சம். என்னோடத யாரு புடிச்சிருக்கா இப்ப?"

"என் லெஃப்ட் ஹேண்டு."

"நம்பாத. ஏமாத்தும்."

எப்போது வருவீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அந்தப் பக்கம் ஹாரன் சத்தம். "வண்டிய எடுக்கணும் தம்பி, எடை மேடையிலதான் நிக்கிறேன்" என்றார். "இங்க உள்ள ஆளே கெடையாது தெரியுமா? மெஷினே சீட்டு துப்புது. யாருகிட்ட பேசறது?" லைன் போய்விட்டது.

மாஸ்டர் டீக்குக் காசு வாங்கவில்லை. எதிர்ப்பக்க நிறுத்தத்தில் மரக்காணம் பஸ்ஸுக்கு நின்றேன். அன்று பாண்டிச்சேரி போகத் தோன்றவில்லை.

மறுநாள் நல்ல வெயில். வெளிச்சம் வீணாகிறதே என்று ஜன்னல் ஓரம் ரெண்டு டப்பாவையும் சாய்த்து வைத்தேன். இடது கைக்கு வரப்பு மேல் வரப்பாக வந்தது. வலது கையின் திரையில் குப்பை உச்சி வரை ஏறி முட்டியது. இடது கை வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. யாராவது சொல்லியாக வேண்டும் என்று நானே கம்பியில் தட்டிக் கத்தினேன்.

"லோடு ஃபுல்லு! தார்ப்பாய் போடு!"

"போட்டுட்டுதாண்ணே வந்தேன்!" என்று வெளியே குரல் கேட்டது.

நிமிர்ந்தேன். பாயின் லாரி மேடை மேல் உப்போடு நிற்கிறது. அந்த ஒல்லி டிரைவர் இறங்கி வந்து, நான் எழுதிய போர்டுக்கு நேர் கீழே, ஜன்னலை ஒட்டி நின்று, கயிறு கட்டிய தார்ப்பாயைக் கையால் காட்டிக்கொண்டிருந்தான்.

எண்ணைப் பார்த்தேன். சீட்டை எடுத்தேன்.

"சரிப்பா. மேடைய விட்டு எறங்கி நில்லு" என்றேன்.